சடைக்கு அர்த்தம் கிடையாது

கையில்லாத பருத்தி மேலாடை ஒன்றைப் பின்னிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத்தில் இரண்டு சடை ஓடும். நிட்டிங் செய்பவர்கள் அதைக் கேபிள் என்பார்கள். தலைமுடியைப் பின்னியது மாதிரி கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கிப் போகும். போன மாதம் ஒரு வாசகர் சந்திப்புக்கு அதையும் எடுத்துப் போயிருந்தேன். பக்கத்தில் இருந்த நண்பர் பார்த்துவிட்டு, "இது அயர்லாந்து மீனவங்க டிசைன்தானே? குடும்பத்துக்கு ஒரு பின்னல். கடல்ல செத்து ஒதுங்குனா, முகம் அடையாளம் தெரியாட்டிகூட ஸ்வெட்டரைப் பார்த்து யாருன்னு கண்டுபிடிச்சிருவாங்க. செம கவித்துவம்ல?" என்றார். எல்லாரும் உருகினார்கள். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார். சீக்கிரமே அது கவிதையாக வரும்.

அன்றைக்குச் சொல்ல வராததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கதை பொய். அது பொய் என்பதைவிட, நமக்கு அது ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

கதையின் வேர் ஒரு நாடகத்தில் இருக்கிறது. ஜே. எம். சிங் எழுதி 1904-இல் டப்ளினில் மேடையேறிய 'ரைடர்ஸ் டு த சீ'. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஆரன் தீவுகளில் நடக்கும் கதை. மூழ்கிச் செத்தவன் தன் அண்ணன்தான் என்று ஒரு தங்கை அவனுடைய காலுறையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். கவனியுங்கள், அது ஸ்வெட்டர் இல்லை, காலுறை. அதில் சடையும் இல்லை, குடும்பச் சின்னமும் இல்லை. 60 கண்ணி போட்டுத் தொடங்கியதும் அதில் 4 கண்ணியை விட்டதும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் பின்னியவள் அவள். அவள் அர்த்தம் தேடவில்லை, எண்ணிப் பார்த்தாள். அந்தக் காட்சி நம்மை உலுக்குவதே அதனால்தான்.

இந்த எண்ணிக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குலச்சின்னத்தை வைத்தது யார்? அதில் பெரிய பங்கு ஹைன்ஸ் கீவ என்பவருக்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் நூல் கடை வைத்திருந்தவர். 1930களில் டப்ளினில் ஓர் ஆரன் ஸ்வெட்டரை வாங்கினார். 1,000 வருடத்துக்கும் மேல் பழமையான 'புக் ஆஃப் கெல்ஸ்' என்ற சுவடியின் ஓவியத்திலேயே இந்த ஆடை இருக்கிறது என்று சாதித்தார். 1967-இல் பின்னலின் 'புனித வரலாறு' என்று ஒரு புத்தகமே போட்டார். இன்றைக்கும் ஆரன் ஸ்வெட்டரோடு ஓர் அட்டை வரும். கயிறு மாதிரிச் சடை என்றால் மீனவனுக்குப் பாதுகாப்பு, வைரக் கட்டம் என்றால் செல்வம், தேன்கூடு என்றால் உழைப்பு. இந்த அகராதியைத் தீவுப் பெண்கள் எழுதவில்லை. விற்றவர்கள் எழுதினார்கள்.

வரலாறு இதைவிடச் சுவாரசியமானது. ஆலிஸ் ஸ்டார்மோர் 1997-இல் வெளியிட்ட 'ஆரன் நிட்டிங்' இந்தப் புனைவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டுகிறது. சடைகள் நிறைந்த அந்த வெள்ளை ஸ்வெட்டர் ஆதிகாலத்தது இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. அந்தத் தீவுகளில் இருந்த பெண்கள் ஒருவர் பின்னலை ஒருவர் பார்த்து, மாற்றி, கூட்டி, "இப்படித் திருப்பினா என்ன ஆகும்?" என்று செய்து பார்த்துக் கண்டுபிடித்தது. பிறகு காசுக்காகப் பின்னியது. அதாவது அவர்கள் வடிவமைப்பாளர்கள்.

குலச்சின்னக் கதை அவர்களிடமிருந்து பறித்தது அதைத்தான். கண்டுபிடித்தவர்களை, பாட்டி சொன்னதை அப்படியே திருப்பிச் செய்யும் கைகளாக ஆக்கிவிட்டது. அவர்கள் மூளையை எடுத்துக்கொண்டு பதிலுக்குப் 'புனிதம்' கொடுத்தது. இது நமக்குப் புதிதா? கோலத்துக்கு வாட்ஸாப்பில் வரும் விளக்கங்களைப் பாருங்கள். பிரபஞ்ச சக்தி, மூளை நரம்பு எல்லாம் இருக்கும். விடிகாலையில் குனிந்து நின்று, எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியில் கோடு திரும்பணும் என்று மனக்கணக்குப் போட்ட அம்மா மட்டும் இருக்க மாட்டார்.

சரி, சடை என்பது என்ன? 6 கண்ணிச் சடை என்றால், முதல் 3 கண்ணியை ஒரு சின்ன துணை ஊசிக்கு மாற்றி முன்பக்கம் நிறுத்தணும். அடுத்த 3-ஐப் பின்னிவிட்டு, நிறுத்தி வைத்ததைப் பின்னணும். சடை இடப்பக்கம் சாயும். பின்பக்கம் நிறுத்தினால் வலப்பக்கம். அவ்வளவுதான். ஆனால் வரிசையை மாற்றிய அந்த நொடியிலேயே துணியின் குணம் மாறிவிடுகிறது. அகலம் சுருங்கும், தடிமன் கூடும், நூல் அதிகம் இழுக்கும், எடை ஏறும்.

இதை நான் படித்துக் கற்கவில்லை, தோற்றுக் கற்றேன். முதல் தடவை அட்டைக் கதையில் மயங்கி, முன்பக்கம் முழுக்கச் சடை போட்டேன். கம்பளி இழுத்தால் திரும்பி வரும். பருத்தி வராது. இரண்டாவது துவைப்பில் சட்டை தன் எடையைத் தாங்காமல் தொங்கி, கை வெட்டு விலா வரைக்கும் இறங்கிவிட்டது. கையில்லாத ஆடையில் மொத்தப் பாரமும் தோள்பட்டையின் அந்தக் குறுகலான பட்டையில்தான் விழும். எல்லாவற்றையும் பிரித்தேன். மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, துவைத்து, தொங்கவிட்டு, அதற்குப் பிறகுதான் அளந்தேன். இப்போது இரண்டே சடை. தோளிலிருந்து நேராகக் கீழே இறங்கும். துணியில் அதிகம் இழுபடாத இடம் அதுதான். அதனால் பாரத்தை அங்கே கொடுத்தேன். மற்றதெல்லாம் காற்று போகிற மாதிரி சாதாரணப் பின்னல். இந்த முடிவில் எந்தக் குலமும் இல்லை. எனக்கு அழகாகத் தெரிவது இதுதான்.

"அர்த்தமே வேணாம்னா அப்புறம் இலக்கியம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். அர்த்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். ஒரு கதையை வாசித்த ஐந்தாவது நிமிடம் "மழை எதன் குறியீடு?" என்று கேட்கிறோம். அந்த வாக்கியம் ஏன் அங்கே முடிந்தது, எதை நிறுத்தி வைத்து எதை முன்னால் சொன்னார் என்று கேட்பதில்லை. செய்நேர்த்தியைப் பார்க்கச் சோம்பல்பட்டு, அட்டையைப் படித்துவிட்டு வருகிறோம். அதற்கு விமர்சனம் என்று பெயரும் வைக்கிறோம்.

"இந்த வெயில்ல யாராச்சும் நிட்டிங் போடுவாங்களா?" என்று அன்றைக்கே இன்னொருவர் சிரித்தார். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நிட்டிங் துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை. வெயில் நாடு. பல துண்டுகள் பருத்தி நூலில் பின்னியவை. அவற்றைப் பின்னியவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் கண்ணிகள் அப்படியே இருக்கின்றன. இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் எண்ணலாம்.