சுவர் இருந்தால்தான் சித்திரம்

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது முன்னோர் வாக்கு. பலர் கூடி வேடம் புனைந்து ஆடும் ஆட்டத்திற்கும் இது பொருந்தும். இன்று மாணவ மாணவியர் பலர் கணினியிலும் கைபேசியிலும் கற்பனையாக ஓர் ஊரை அமைத்து, ஒருவர் அரசியாகவும் மற்றொருவர் வணிகராகவும் வேடம் ஏற்று விளையாடுகின்றனர். இது வீண்வேலை, நிறுத்திவிட வேண்டும் என்கின்றனர் பெரியோர் பலர். நிறுத்துவதைவிட, நன்கு திட்டமிட்டு ஆடுவதே மேல் என்பது பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து.

நமது அனந்தபுரம் அடங்கிய செஞ்சி வட்டாரத்திற்கு இக்கலை புதியதன்று. திரௌபதி அம்மன் விழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது ஊரே அத்தினாபுரமாகவும் குருக்ஷேத்திரமாகவும் மாறிவிடுகிறது அல்லவா? அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் இவ்வழிபாட்டைப் பற்றி 1988-இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே செஞ்சியையும் குருக்ஷேத்திரத்தையும் இணைத்திருக்கிறார்.

அங்கே எல்லாவற்றுக்கும் இடம் முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. கூத்தாடக் களரி, அருச்சுனன் ஏறத் தபசு மரம், மண்ணால் செய்த துரியோதனன் உருவம் கிடக்கப் படுகளம், தீமிதிக்குத் தனி இடம். காப்புக் கட்டித் தொடங்கி, தருமர் பட்டாபிஷேகத்தோடு முடிப்பது வழக்கம். தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு. வேடக்காரரிடம் 'நீர் யார், எங்கிருந்து வருகிறீர்' என்று கேட்டு, இடத்தையும் கதையையும் சபையோருக்கு விளக்கக் கட்டியக்காரன் இருக்கிறான்.

மேலைநாட்டிலும் இதுவே முறை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கினர். அதில் ஒருவர் நடுவராக அமர்ந்து, வரைபடத்தை வைத்துக்கொண்டு இடத்தை விவரிப்பார். மற்றவர்கள் வேடம் ஏற்பர். இன்றைய கணினி வேட விளையாட்டுகள் பலவற்றிற்கும் அதுவே முன்னோடி. அந்த நடுவரை நம் கட்டியக்காரனின் தூரத்து உறவினர் எனலாம்!

ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கூத்தில் கிரீடத்தின் கீழே இருப்பவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். கைபேசியிலோ வேடத்திற்குப் பின்னால் இருப்பவர் யாரென்றே தெரிவதில்லை. பெற்றோரின் அச்சம் நியாயமானதே. ஆகவே அறிமுகமான தோழியரோடு மட்டுமே ஆட வேண்டும்; சொந்தப் பெயரையும் பள்ளியையும் வெளியாருக்குச் சொல்லலாகாது; எல்லை மீறும்போது ஆட்டத்தை நிறுத்த ஒரு கட்டியக்காரி வேண்டும்; வேடத்தைக் கலைக்கும் நேரமும் முன்பே குறிக்கப்பட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூத்தில் திரௌபதியின் வேடத்தையும் ஆண்களே கட்டுவதுதான் மரபு. பெண்கள் கீழே அமர்ந்து பார்த்தனர். நம் ஊர்களிலோ ஊர் ஒரு புறம், சேரி ஒரு புறம். நாம் படைக்கும் ஊருக்கும் இவை வேண்டுமா? இருக்கும் ஊரை நாம் வரையவில்லை. வரையப்போகும் ஊர் நம் கையில் இருக்கிறது. அதில் ஒதுக்குப்புறத் தெரு ஒன்றை நாமே வரைந்தால், அந்தக் குற்றத்திற்கு யாரை நோவது? குளத்துக்குச் செல்லும் வழி எல்லா வீட்டிலிருந்தும் ஒரே தூரமாக இருக்கட்டும். பெண் அரசாளட்டும், கட்டியம் கூறட்டும், கணக்கும் பார்க்கட்டும்.

அன்னையரும் பெற்றோரும் எங்களைத் தடுக்க வேண்டாம். எங்களோடு அமர்ந்து அந்த வரைபடத்தைப் பாருங்கள். கைபேசியை எடுக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும். கற்பனையில் நேர்மையான ஓர் ஊரை அமைக்கப் பழகியவர்களே, நாளை மெய்யான ஊரையும் திருத்தி அமைக்கத் துணிவர். தோழியரே, முதலில் சுவரை எழுப்புவோம். சித்திரம் தானே வரும்!