கடை வாசலில் நிற்கும் பிரஜை

இந்திய அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் பிரஜைகளின் உரிமைகளை எழுதியபோது கடையை மறந்துவிடவில்லை. மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் ஆகிய காரணங்களைக் காட்டி எந்தப் பிரஜையையும் கடைக்குள் செல்லவொட்டாமல் தடுக்கலாகாது என்று 15-வது ஷரத்து கூறுகிறது. உணவு விடுதி, ஹோட்டல், கிணறு, குளம் எல்லாம் அந்த ஷரத்தில் கடைக்குப் பின்னரே வருகின்றன. 1948 நவம்பர் 29-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் இவ்விஷயம் விவாதத்துக்கு வந்த போது, சேவையை நாடி வருபவர் எவராயினும் அவருக்கு அதை அளிக்கத் தயாராயுள்ள இடம் எதுவும் கடையே என்று டாக்டர் அம்பேத்கர் விரிவான பொருள் கூறினார். வாசலில் நிறுத்தப்படுவதன் அவமானத்தை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவரல்லர்.

ஆயினும் அந்த ஐந்து காரணங்களில் உடற்குறை இடம்பெறவில்லை. எவரும் வேண்டுமென்று விட்டதாக நாம் கூறவில்லை. அக்காலத்தில் அது ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் இன்று ஒரு புதிய தடை நம் கடைத்தெருக்களில் வந்து உட்கார்ந்திருக்கிறது. “உள்ளே வராதே” என்ற பலகை எங்குமில்லை. மூன்று படிகள் இருந்தால் போதும்.

பீர்க்கன்கரணையை எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பர் வரையில் தனிப் பேரூராட்சியாக இருந்து, பின்னர் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர் இது. ஜி.எஸ்.டி. சாலை வழியே பெருங்களத்தூர் வரையில் நடந்து செல்பவர் அங்காடிகளின் விளக்குகளை விட்டு வாசல்களைக் கவனித்து வருவாராக. சாய்தளம் அமைத்து நியாயமாக நடந்துகொள்ளும் வியாபாரிகளும் உண்டு, அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் பல வாசல்கள் கால் வலுவுள்ளவனுக்காக மட்டும் கட்டப்பட்டவை. சாய்தளம் என்று ஒன்று இருக்குமிடத்திலும், அது சைக்கிள் ஏற்றுவதற்கென்று போட்டதுபோல் செங்குத்தாக நிற்கும். இல்லாவிடில் அதன்மேல் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருக்கும்.

இந்த உயரத்துக்கு ஒரு காரணம் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஏரிகள் சூழ்ந்த பிரதேசம் இது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அருகிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டைக் கண்டவன் கடையின் தளத்தை உயர்த்திக் கட்டாமல் இருப்பானா? சரக்கைக் காப்பாற்றிக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் தளத்தை உயர்த்தத் தெரிந்த மேஸ்திரிக்குச் சாய்தளம் போடவும் தெரியும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. ஒன்றரை அடித் தளத்துக்குப் பதினெட்டு அடி. நேராக நீட்ட இடமில்லையென்றால் சுவரோரமாகத் திருப்பி மடக்கலாம். கட்டுமுன் வரைபடத்தில் நினைத்தால் இதற்குச் செலவு சொற்பம். கட்டிய பிறகு நினைத்தால் நடைபாதையின் மீது இறக்க நேரிடும். உடனே ஆக்கிரமிப்பு என்று மாநகராட்சியின் நோட்டீஸ் வரும். இந்தச் சங்கடத்தில் வியாபாரி மட்டும் குற்றவாளியல்லன். வரைபடத்துக்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரியும் அதில் பங்குள்ளவரே.

வாசலைத் தாண்டியபின் நிலைமை எப்படி? இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் சூப்பர் மார்க்கெட் என்பதன் இயல்பையே நம்மவர் பலர் ஆராயவில்லை.

பழைய மளிகைக் கடையில் வாங்குபவர் வெளியே நிற்பார். கடைக்காரர் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பார். கண் தெரியாதவருக்குத் துவரம் பருப்பின் விலையை வாயால் சொல்வார். நடக்க இயலாதவரின் வண்டி வாசலில் நின்றால் பையன் ஒருவன் இறங்கிவந்து கொடுப்பான். சட்டம் பேசி எவரும் இதைச் செய்யவில்லை. வியாபாரத்தின் முறையே அப்படி இருந்தது. 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரென்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாடிக்கைக்காரரே கூடையுடன் உட்சென்று சரக்கை எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தார். அதிலிருந்து கிளைத்ததே இன்றைய அங்காடி. இதில் கடைக்காரர் செய்துவந்த வேலையை வாங்குபவர் செய்கிறார். கடைக்காரருக்கு ஆள்கூலி மிச்சமாகிறது. எட்டி எடுக்கவும், படிக்கவும், தள்ளவும் முடிந்தவருக்கு இது சௌகரியமே. முடியாதவருக்கோ, முன்னிருந்த உதவி பறிபோய், அதற்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகவே, கேட்பவருக்கு ஒரு சிப்பந்தி உடன்வந்து எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் கோருவதைச் சலுகை என்று சொல்வது பிசகு. மிச்சம் பிடித்த கூலியில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கேட்கிறார்கள், அவ்வளவே.

நடப்பது என்ன? கேள்வி அவரிடம் கேட்கப்படுவதில்லை, உடன் வந்தவரிடம் “இவருக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கப்படுகிறது. தனியே வந்தால், “கூட யாரும் வரவில்லையா?” என்ற கேள்வி. காது கேளாதவர் ஒரு முறை விலையை எழுதிக் காட்டச் சொன்னால் பின்னாலிருக்கும் வரிசை முணுமுணுக்கிறது. மேல்மாடிக்குப் போகும் லிப்டில் அட்டைப் பெட்டிகள். பணம் செலுத்தும் இயந்திரங்களில் பொத்தான் இல்லாமல் வழவழப்பான கண்ணாடி மட்டும் உள்ளவை பெருகிவிட்டமையால், பார்வையற்றவர் தம் கார்டின் ரகசிய எண்ணைக் கணக்குப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிலை நேரிடுகிறது. பாங்கிக்காரர் எவரிடமும் சொல்லாதே என்று எச்சரித்த எண்ணை, பத்துப் பேர் காதில் விழச் சொல்லி அவர் சோப்பு வாங்க வேண்டும்!

2010-ல் தமிழ்நாட்டு சர்க்கார் “ஊனமுற்றோர்” என்ற சொல்லை நீக்கி “மாற்றுத்திறனாளிகள்” என்ற சொல்லைக் கொணர்ந்தது. நல்ல காரியம். பெயரை மாற்ற ஓர் உத்தரவு போதுமானதாயிருந்தது. படியை மாற்றுவதற்குத்தான் இத்தனை வருஷங்கள் போதவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமுலில் இருக்கிறது. “பொதுக் கட்டிடம்” என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லுகையில், வியாபாரத்துக்காகப் பொதுஜனங்கள் வந்துபோகும் தனியார் கட்டிடத்தையும் அது சேர்த்துக்கொள்கிறது. பொதுச் சேவைகளின் பட்டியலில் கடையில் பொருள் வாங்குவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. விதிகள் வெளியான தேதியிலிருந்து, சேவை அளிப்போருக்கு 46-வது பிரிவு இரண்டு வருஷமும், பழைய கட்டிடங்களைச் சீர்திருத்த 45-வது பிரிவு ஐந்து வருஷமும் தவணை கொடுத்தன. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. தவணைகள் 2019-லும் 2022-லும் முடிந்துபோயின.

பலன் ஏன் காணப்படவில்லை? சட்டம் “செய்தே தீரவேண்டும்” என்றது. அதன்கீழ் சர்க்கார் வகுத்த 15-வது விதியோ வெறும் யோசனைகளின் கோவையாக இருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டு, அவ்விதியின் முதல் உட்பிரிவு தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளி, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்குமாறு இந்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. விதி விழுந்துவிட்டபடியால் கடமையும் விழுந்துவிட்டது என்று கட்டிடச் சொந்தக்காரர்களுக்கு வாதம் சொல்லிக்கொடுக்க நம் தொழிலிலேயே ஆட்கள் இருக்கக்கூடும். விதி கடுமையாயிருந்ததனால் விழவில்லை. போதிய கடுமை இல்லாததனால் விழுந்தது. கட்டி முடித்ததற்கான சான்றிதழை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது ஆகிய தண்டனைகள் ஏட்டளவில் நிற்கலாகாது என்பதே தீர்ப்பின் கருத்து.

அபராதம் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் வரையிலும், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையிலும் ஆகும். பெரிய அங்காடிக்கு முதல் தொகை ஒரு பொருட்டல்ல, இரண்டாவது உறைக்கும். பலரறிய ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு 92-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறைவாசம் உண்டு. தனியார் கம்பெனியை இதெல்லாம் கட்டுப்படுத்துமா என்று சந்தேகிப்பவர் ஜீஜா கோஷ் வழக்கைப் பார்க்கட்டும். 2012 பிப்ரவரியில் கல்கத்தாவில், மூளை முடக்குவாதமுள்ள அவ்வம்மையாரை ஸ்பைஸ்ஜெட் கம்பெனியார் விமானத்திலிருந்து இறக்கிவிட்டனர். புதிய சட்டம் பிறக்குமுன்பே, 2016 மே மாதத்தில், அக்கம்பெனி 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

“இவ்வளவு சிரமம் எதற்கு? போனில் சொன்னால் சரக்கு வீட்டுக்கு வருகிறதே” என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணத்துடன்தான் கேட்கிறார்கள். ஆனால் வீட்டிலேயே இரு என்பது மரியாதையான முறையில் சொல்லப்பட்ட வெளியேற்றம் அல்லவா? அந்தப் போன் செயலிகளாவது அனைவருக்கும் பயன்படுமா என்றால், அவற்றிலும் தடைகள் இருந்ததனாலேயே, மின்வழிச் சேவைகளை எவரும் அணுகக்கூடியனவாக்குவது ஜீவாதார உரிமையின் அங்கம் என்று 2025 ஏப்ரல் 30-ல் சுப்ரீம் கோர்ட் கூற நேர்ந்தது.

சிறு கடைக்காரர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அளவுக்கு மிஞ்சிய பாரத்தை எவர்மேலும் சுமத்துவது சட்டத்தின் நோக்கமன்று. நியாயமான வசதியையே அது கேட்கிறது. பத்தடிக் கடைக்காரர் வெளியே வந்து சரக்கைக் கொடுத்தால், நம் அபிப்பிராயத்தில் அவர் கடமை தீர்ந்தது. நாலாயிரம் சதுர அடியில் குளிர்சாதனம் போட்டவர் அதே சமாதானத்தைச் சொல்ல முடியாது. அயல்நாடுகளில் அங்காடிக்காரர்கள் இதற்கப்பாலும் போயிருக்கின்றனர். சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்கமாட்டாத ஆட்டிசக் குழந்தைகளுக்காக இங்கிலாந்தில் மாரிசன்ஸ் கம்பெனி 2018-ல் வாரம் ஒரு மணி நேரத்தை அமைதி நேரமாக்கியது. சங்கீதத்தை நிறுத்தக் காசு செலவில்லை.

தாம்பரம் மாநகராட்சியிடம் நாம் கேட்பது மூன்று காரியங்கள். புதிய வணிகக் கட்டிடம் எதற்கும், வாசலை நேரில் அளந்து பாராமல் முடிவுச் சான்றிதழ் கொடுக்கலாகாது. அங்காடிகளின் தொழில் உரிமம் புதுப்பிக்க வரும்போது, சாய்தளமும் லிப்டும் உபயோகத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பழைய கட்டிடத்தில் நடைபாதையைத் தொடாமல் வழியேயில்லை என்னுமிடத்தில், நோட்டீஸ் அனுப்பாமல் என்ஜினீயரை அனுப்பி வழிசொல்ல வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் செய்திருக்கிறது. அந்த ஆசனத்திலிருந்து எழும் முதல் கேள்வி ஜி.எஸ்.டி. சாலையின் வாசல்களைப் பற்றியதாக இருக்கலாம்.

தொண்டர்களுக்கும் வேலை இருக்கிறது. தடுக்கப்பட்டவர்களிடம் தேதி, நேரம், பில், புகைப்படம் கேட்டு வாங்கி, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும், செங்கற்பட்டு ஜில்லா நுகர்வோர் ஆணையத்திலும் மனுச் செய்ய உதவ வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க இப்பகுதி வக்கீல்களில் பத்துப் பேர் வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கினால் போதும். பெயர் கொடுக்க விரும்புவோர் நமது காரியாலயத்துக்கு எழுதலாம்; முதல் பெயராக நம்முடையதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.