பாதிச் சாட்சி சாட்சியாகுமா?



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு திருச்சபை மலருக்காக என் சாட்சியை எழுதித் தருமாறு கேட்டார்கள். தோட்டத்தில் பால்மரம் சீவி எங்களைப் படிக்கவைத்த என் அம்மாவைப் பற்றி எழுதினேன். புற்றுநோயில் அவர் துன்புற்ற பதினொரு மாதங்கள், முழங்காலில் நின்று நாங்கள் செபித்த இரவுகள், இடையில் ஒரு மாதம் நோய் தணிந்தது, பின்னர் அவர் மறைந்தது, அதன்பின் ஓராண்டு நான் ஆலயப் படியை மிதிக்காதது, மீண்டும் திரும்பியது என அனைத்தையும் எழுதினேன்.

மலர் கைக்கு வந்தது. நோய் தணிந்த மாதத்தோடு கட்டுரை முடிந்திருந்தது. கீழே, “தேவனுக்கே மகிமை!” என்று நான் எழுதாத ஒரு வரி. என் அம்மா அந்த மலரில் இன்றும் நலமாக வாழ்கிறார்!

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “மரணத்தைப் பற்றி எழுதினால் வாசிக்கிறவர்களின் விசுவாசம் தளர்ந்துவிடும், சார்” என்றார்கள்.

நான் கேட்கிறேன்: கண்டதில் பாதியை மறைத்து மீதியைச் சொல்பவனை எந்த நீதிமன்றம் சாட்சியாக ஏற்கும்?

வேதாகமத்தையே எடுத்துக்கொள்வோம். பேதுரு மும்முறை ஆண்டவரை மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் பதிவு செய்துள்ளன. திருச்சபையின் தூண் ஆயிற்றே என்று எவரும் அதை மறைக்கவில்லை. தம் மாம்சத்திலிருந்த முள் நீங்க மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்பதைப் பவுலே கொரிந்தியருக்கு எழுதினார். 88ஆம் சங்கீதம் ஆறுதல் மொழி ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. ஏறத்தாழ 400ஆம் ஆண்டில் தம் வாழ்வை எழுதிய அகுஸ்தீன், சிறுவயதில் பேரிக்காய் திருடியதைக்கூட விடவில்லை. இவர்கள் இன்று நம் மலர்களுக்கு எழுதினால் எத்தனை வரிகள் தப்பும்?

இன்னொரு குறையும் உண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்படும் வரை, மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்து அப்படியே ஒப்பித்த மாணவர்களின் தாள்களை எத்தனையோ திருத்தியிருக்கிறேன். நாம் எழுதும் சாட்சிகளும் அவ்வாறே உள்ளன. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். ஊர் இல்லை, வீடு இல்லை, எழுதியவரின் தமிழும் இல்லை. வாய்பாட்டுத் தொடர்கள் மட்டுமே உள்ளன.

நம் முன்னோர் இப்படியா எழுதினர்? எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்ற பின் தம் தமிழை அவர் கழற்றி எறியவில்லை. ஆங்கிலேயரான பனியனின் கதையைத் தழுவி, கம்பனில் தோய்ந்த தமிழில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார்; அது 1894இல் வெளிவந்தது. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையோ, எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளை இயற்றினார். தம் நம்பிக்கையைச் சொல்ல அவர் பிறர் நம்பிக்கையைத் தாழ்த்தவில்லை.

“தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சமயம் எழுதலாமா?” என்று கேட்போரும் உளர். வகுப்பறையில் நான் தமிழாசிரியன் மட்டுமே. அங்குள்ள பிள்ளைகளுள் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களிடம் என் சமயத்தைத் திணிப்பது நம்பிக்கைத் துரோகம். ஆனால் என் வீட்டு மேசையில் என் வாழ்வை எழுதும்போது, அதன் உயிர்நாடியான நம்பிக்கையை மட்டும் எப்படி வெட்டி எறிவேன்? படிப்பவர் ஏற்கலாம், விடலாம். மறைக்காமல் எழுதுவது என் கடமை.

ஆகவே, வெட்டப்பட்ட பகுதியை இங்கே எழுதிவிடுகிறேன். என் அம்மா குணமாகவில்லை, இறந்துவிட்டார். ஓராண்டு நான் கடவுளோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிறன்று கடைசி வரிசையில் போய் அமர்ந்தேன். மகனைப் பறிகொடுத்த எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர் அருகில் வந்து அமர்ந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கேள்விகளுக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. ஆயினும் அன்று நான் தனியாக இல்லை என்று அறிந்தேன். நான் கண்டது இவ்வளவே.

கிறித்துவ அன்பர்களே, எழுதுங்கள். உங்கள் ஊரை, உங்கள் வீட்டை, உங்கள் தமிழில் எழுதுங்கள். கிடைக்காத விடைகளையும் சேர்த்தே எழுதுங்கள். உண்மையைக் கேட்டுத் தளர்ந்துவிடும் விசுவாசத்தைப் பொய்யால் எத்தனை நாள் தாங்கிப் பிடிப்பீர்கள்?