செயின் பிளாக்கும் சித்தப்பா விரலும்

போன லீவுக்கு ஊருக்குப் போனப்போ, எங்க பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் கொட்டகையில் இரண்டு துண்டாக நின்றது. இன்ஜின் வேலை. டிராக்டருக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது, இன்ஜின்தான் முதுகெலும்பு. அதனால் பிரிக்கும் முன் முன் ஆக்சிலுக்கு மரக்கட்டை ஆப்பு அடித்து, கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக் கொடுக்கணும். இல்லைன்னா இன்ஜின் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

அதெல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். சிலிண்டர் ஹெட்டைத் தூக்கும்போதுதான், "இதுக்குப் போய் செயின் பிளாக்கா? பிடிடா" என்றார் சித்தப்பா. ஒட்டியிருந்த கேஸ்கெட் சட்டென்று விட்டது. ஹெட்டுக்கு அடியில் அவர் விரல். நாலு தையல். விரல் தப்பியது... நகம் தப்பவில்லை.

நான் காமர்ஸ் படிக்கிறவன், கணக்குப் போட்டேன். மிச்சம்: ஒருநாள் வாடகை. நட்டம்: ஆஸ்பத்திரி செலவு, நடவு நேரத்தில் பத்து நாள் வேலை. டிராக்டருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். விரலுக்கு எந்தக் கணக்கில் எழுதுவது?

தூக்க முடியும் என்பதை நாம வீரம்னு நினைக்கிறோம். முடியும்தான். ஆனால் தூக்கியதை நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா? செயின் பிளாக்கில் கையை விட்டாலும் பாரம் அங்கேயே தொங்கும். வாடகை அதுக்குத்தான், நம்ம பலம் குறைவு என்பதற்காக இல்லை.

அடுத்த வாரம் இன்ஜினை இறக்கினப்போ, பட்டறையில் போய் செயின் பிளாக் வாங்கி வந்ததே சித்தப்பாதான். ஒரு கையால்!