ஆறாயிரம் குதிரையும் லூப் லைனும்

எங்கள் பென்ஷனர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றியது. 6000 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், நாட்டுக்கே பெருமை என்று. கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். டீசல் ஷெட்டில் முப்பது வருடத்துக்கு மேல் கை கறுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: சரக்கு எஞ்சினைக் குதிரைத்திறனை வைத்து மெச்சுவது, உழவு மாட்டைக் கொம்பின் நீளம் பார்த்து விலை பேசுவது போலத்தான்.

நம்ம குமணன்சாவடியில் தண்டவாளமே கிடையாது, இப்போதுதான் தலைக்கு மேலே மெட்ரோ பாலம் வந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நிலக்கரி ஏற்றிய 58 வேகன், ஏறக்குறைய 4700 டன். அது நின்ற இடத்திலிருந்து நகர வேண்டுமானால் தேவைப்படுவது இழுவை விசை. அது சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது, சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தை எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. குதிரைத்திறனுக்கு வேலை அதற்கு அப்புறம்தான். அந்த இழுப்பை எவ்வளவு வேகம் வரை விடாமல் கொடுக்கலாம் என்பதே அதன் கணக்கு.

1962இல் வந்த ஆல்கோ வண்டி, நாங்கள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட டபிள்யூடிஎம்-2, 2600 குதிரைத்திறன். அதன் வம்சத்தில் வந்த சரக்கு எஞ்சின் டபிள்யூடிஜி-3ஏ, 3100 குதிரைத்திறன், இழுப்பு சுமார் 38 டன். 1999இல் அமெரிக்காவிலிருந்து டபிள்யூடிஜி-4 வந்தது. 4000 குதிரைத்திறன், இழுப்போ 54 டன்னுக்குக் குறையாது. எடை இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கூடுதல் 900 குதிரையா இதைச் சாதித்தது? இல்லை. ஏசி டிராக்‌ஷன் மோட்டாரும், சக்கரம் வழுக்கும்போதே கண்டுபிடித்து அடக்கும் கம்ப்யூட்டரும் செய்த வேலை அது. உண்மையான முன்னேற்றம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து 2012இல் 'பீம்' என்று பெயர் சூட்டி டபிள்யூடிஜி-5 கொண்டுவந்தார்கள். இருபது சிலிண்டர், 5500 குதிரைத்திறன். 1500 குதிரை கூடியது, இழுப்பு கூடியது இரண்டு மூன்று டன். அதற்கும் எஞ்சின் எடையை ஏற்ற வேண்டியிருந்தது. கட்டிய எண்ணிக்கை ஒற்றை இலக்கத்திலேயே நின்றுவிட்டது. பெயரில் இருந்த பீமன் பிறகு எங்கே போனான் என்று குழுவில் யாரும் கேட்கவில்லை.

இந்தச் சூட்டை அமெரிக்கர்கள் நமக்கு முன்பே பட்டவர்கள். 1990களில் அங்கே இரண்டு பெரிய கம்பெனிகளும் போட்டி போட்டு 6000 குதிரைத்திறன் எஞ்சின்களை இறக்கின. எஸ்டி90மேக் ஒன்று, ஏசி6000 இன்னொன்று. அதிர்வு, பழுது, பராமரிப்புச் செலவு எனத் தொல்லை தாங்காமல் ரயில் கம்பெனிகள் 4400 பக்கமே திரும்பிவிட்டன. அது தெரிந்தும் நாம் 2015இல் போட்ட ஒப்பந்தத்தில் 1000 எஞ்சினில் 300 எஞ்சின் 6000 குதிரைத்திறனாகவே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கினோம். பீகாரின் மர்ஹௌரா தொழிற்சாலையை நான் குறை சொல்லவில்லை. நல்ல எஞ்சின், புதுத் தலைமுறை. ஆனால் அதே தொழிற்சாலையிலிருந்து ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கு 2025இல் கிளம்பியது எது தெரியுமா? 4500 குதிரைத்திறன்! இரும்புத்தாது இழுக்கிற கனரக வேலைக்கு அவர்களுக்கு அது போதும்.

"வேகமாகப் போனால் லைன் சீக்கிரம் காலியாகுமே" என்பார் சிலர். நியாயமான கேள்விதான், மேட்டில் ஏறும்போது பலனும் உண்டு. ஆனால் நம் நாட்டில் சரக்கு ரயிலின் சராசரி வேகம் பல வருடமாக மணிக்கு 25 கிலோமீட்டரைச் சுற்றியே நிற்கிறது. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லூப் லைனில் மணிக்கணக்காகக் கிடக்கிற வண்டிக்கு முன்னால் ஆறாயிரம் குதிரை கட்டினால் என்ன, அறுபதாயிரம் கட்டினால் என்ன? எல்லாம் சேர்ந்து நின்றுகொண்டு டீசல் குடிக்கும். இரண்டு சிறிய எஞ்சின் கட்டிய வண்டியில் ஒன்று படுத்தால் மற்றது அடுத்த ஸ்டேஷன் வரையாவது இழுத்துக்கொண்டு போகும். ஒரே பெரிய எஞ்சின் படுத்தால் அந்த செக்‌ஷனே படுத்துவிடும். இராத்திரி இரண்டு மணிக்கு அந்த போனை எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும்.

இவ்வளவு குதிரையைத் தேடியவர்கள், ஓட்டுகிறவரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதுதான் எனக்குத் தீராத ஆத்திரம். டபிள்யூடிஜி-4க்கு ஒரே கேபின். திருப்ப வசதியில்லாத இடத்தில் எஞ்சினின் நீண்ட உடம்பை முன்னால் வைத்தே ஓட்ட வேண்டும். மறுபக்க சிக்னல் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. அசிஸ்டென்ட் எட்டிப் பார்த்துக் கத்திச் சொல்வார். மழையில், வளைவில், இராத்திரியில் அப்படித்தான் 4000 டன்னை ஓட்டினார்கள். இரண்டு பக்கமும் கேபின் வைத்த டபிள்யூடிஜி-4டி வர 2010கள் ஆயிற்று. அதற்குக் கைதட்டிய ஃபார்வர்டு ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை.