மூணு லட்ச ரூபாய் கேமராவும் நாலு ஓட்டை உள்ள ஒப்பீடும்

1.
மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். சுகர், பிரஷர் பத்தி இல்ல, கேமரா பத்தி. "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேக்குறவங்களுக்கு பதில் உள்ளேயே இருக்கு. முழுசா படிச்சிட்டு திட்டுங்க.

2.
"பத்து வருஷப் பழைய பிகினர் கேமரா வெர்சஸ் புது ப்ரொஃபஷனல் மிரர்லெஸ்." இந்தத் தலைப்புல யூடியூப்ல வீடியோவுக்குப் பஞ்சமே இல்ல. பெரும்பாலும் ஒரே கதைதான். பழைய கேமராவுல எடுத்த மங்கலான படம் இடப்பக்கம், புதுசுல எடுத்த பளிச் படம் வலப்பக்கம். கீழ டிஸ்கிரிப்ஷன்ல வாங்குறதுக்கு லிங்க்.

3.
போன மாசம் ஒரு தம்பி இன்பாக்ஸ்ல கேட்டார்: "சார், என்கிட்ட நிக்கான் டி3200 இருக்கு. காதுகுத்து, வளைகாப்பு எடுக்கிறேன். இசட்8 வாங்கினாத்தான் அடுத்த லெவல்னு எல்லாரும் சொல்றாங்க. அம்மா நகையை அடகு வெச்சு வாங்கலாமா?" இந்த த்ரெட் அந்தக் கேள்விக்காகத்தான். ஏன்னா இதே கேள்வி இன்னும் எத்தனையோ வீட்டுல ஓடிக்கிட்டிருக்கும்.

4.
முதல்ல ரெண்டு பேரோட கேஸ் ஷீட்டைப் பார்ப்போம்.

டி3200: 2012-ல வந்தது. 24.2 மெகாபிக்சல், சின்ன சென்சார் (நிக்கான் பாஷையில டிஎக்ஸ்), 11 ஃபோகஸ் புள்ளி, செகண்டுக்கு 4 படம், பேட்டரியோட 505 கிராம்.

இசட்8: 2023-ல வந்தது. 45.7 மெகாபிக்சல், ஃபுல் ஃப்ரேம் சென்சார், 493 ஃபோகஸ் புள்ளி, ரா ஃபைலாவே செகண்டுக்கு 20 படம், 8கே வீடியோ, பேட்டரியோட 910 கிராம். இந்தியாவுல அறிமுகமானப்போ பாடி மட்டும் 3 லட்சத்து 43 ஆயிரத்துச் சொச்சம்.

இசட்8 பிரமாதமான கேமரா. அதுல எனக்கு சந்தேகமே இல்ல. என் சண்டை கேமராவோட இல்ல, அந்த ஒப்பீட்டோட.

5.
மருந்துக் கம்பெனி பிரதிநிதி ஆய்வுத் தாளோட வந்து உக்காரும்போது, நாங்க நாலு விஷயம் பார்ப்போம். ரெண்டு குழுவையும் ஒரே மாதிரி நடத்தினாங்களா? எதை அளந்தாங்க? யாருக்கு எதைக் கொடுத்தோம்னு மறைச்சு வெச்சாங்களா? காசு யார் கொடுத்தது? இந்த நாலையும் அந்த வீடியோக்கள்கிட்ட கேட்டுப் பாருங்க. பல வீடியோ நாலுலயும் ஃபெயில்.

6.
முதல் ஓட்டை: லென்ஸ்.

பழைய கேமராவுல பாக்ஸோட வந்த 18-55 கிட் லென்ஸ். புதுசுல 50 எம்எம் எஃப்/1.2. இது எப்படி இருக்குன்னா, ஒரு குழுவுக்கு பழைய மாத்திரை, இன்னொரு குழுவுக்கு புது மாத்திரை கூடவே தினம் ரெண்டு முட்டை, பால், பழம். அப்புறம் "புது மாத்திரையால தெம்பு வந்துச்சு"ன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?

7.
கணக்கையே போட்டுரலாம். கிட் லென்ஸ் 55 எம்எம்-ல எஃப்/5.6. அதைவிட எஃப்/1.2 சென்சாருக்குக் கொண்டுவர வெளிச்சம் கிட்டத்தட்ட 22 மடங்கு. சின்ன சென்சாரைவிட ஃபுல் ஃப்ரேம் சென்சாரோட பரப்பு சுமார் 2.4 மடங்கு. அதாவது திரையில நீங்க பார்த்து வாயைப் பிளந்த வித்தியாசத்துல பெரும்பங்கு லென்ஸோடது. பேரு வாங்கிக்கிட்டது பாடி.

8.
இப்ப அதே டி3200-ல 35 எம்எம் எஃப்/1.8 டிஎக்ஸ் லென்ஸை மாட்டுங்க. 2009-ல வந்த சின்ன லென்ஸ், 200 கிராம். கிட் லென்ஸ் 35 எம்எம்-ல சுமார் எஃப்/4.5 தான் திறக்கும். அதைவிட இது 6 மடங்கு வெளிச்சம் தரும். பாடியை மாத்தி சென்சார் பரப்புல கிடைக்கிற 2.4 மடங்கைவிட இது பெருசு. விலை? இசட்8 விலையில ஒரு சின்னத் துண்டு. இதை எந்த வீடியோவும் தம்ப்நெயில்ல போடாது.

9.
ரெண்டாவது ஓட்டை: எதை அளக்குறாங்க?

மருத்துவத்துல ஒரு பழைய பாடம் சொல்றேன். மாரடைப்பு வந்தவங்களுக்கு இதயம் இடையிடையே தப்புத் துடிப்பு துடிக்கும். அதை அடக்கினா உயிர் பிழைப்பாங்கன்னு நினைச்சு மாத்திரை கொடுத்தாங்க. ஈசிஜி அழகாச்சு. 1989-ல முதல் முடிவுகள் வெளியான காஸ்ட் ஆய்வுல எண்ணிப் பார்த்தா, டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களைவிட அந்த மருந்துகளைச் சாப்பிட்டவங்கதான் அதிகமா இறந்திருந்தாங்க. ரிப்போர்ட் நல்லா இருந்துச்சு, ஆள் இல்ல.

10.
கேமராவுல அந்த "அழகான ஈசிஜி" என்ன தெரியுமா? 400 சதவீதம் ஜூம் பண்ணிக் காட்டுற புருவ முடி. உங்க படத்தை யாராவது அப்படிப் பார்க்கிறாங்களா?

4கே டிவியில மொத்தமே சுமார் 83 லட்சம் புள்ளிதான். டி3200 தர்றது 2 கோடியே 42 லட்சம். கல்யாண ஆல்பத்துல 12க்கு 18 இன்ச் பக்கத்தை, இன்ச்சுக்கு 300 புள்ளின்னு பிரிண்ட் போட 3600க்கு 5400 போதும். டி3200 படம் 4000க்கு 6016. தாராளமா அடங்கும். வாட்ஸ்அப்ல அனுப்பினா ரெண்டு கேமரா படத்தையும் அது ஒரே மாதிரி நசுக்கிரும்.

11.
"ஆனா 45 மெகாபிக்சல், 24-ஐவிட டபுள் ஆச்சே?" எண்ணிக்கையில கிட்டத்தட்ட டபுள்தான். ஆனா படத்தோட அகலம் 6016-ல இருந்து 8256 ஆகுது, அதாவது 37 சதவீதம்தான் கூடும். நிறைய க்ராப் பண்றவங்களுக்கும், பெரிய பேனர் அடிக்கிறவங்களுக்கும் அது உபயோகம். வளைகாப்புக்கு வந்த அத்தைக்கு வித்தியாசம் தெரியாது.

12.
மூணாவது ஓட்டை: கண்ணைக் கட்டல.

மருந்து ஆய்வுல எந்த மாத்திரை யாருக்குன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஏன்னா தெரிஞ்சா மனசு விளையாடும். வீடியோவுல என்ன பண்றாங்க? "இது பழைய கேமரா"ன்னு பெருசா எழுதிட்டு "எது நல்லாருக்கு?"ன்னு கேக்குறாங்க. எழுதினதுதான் பதிலாவும் வரும்.

வீட்டுலயே செஞ்சு பாருங்க. ஃப்ரெண்டோட புது கேமராவை ஒரு மணி நேரம் கடன் வாங்குங்க. அதே ஆள், அதே ஜன்னல் வெளிச்சம், ரெண்டுலயும் அதே அளவு திறக்கிற லென்ஸ், ஒரே ஃப்ரேம். ரெண்டையும் ஆல்பம் சைஸ்ல பிரிண்ட் போட்டு, பின்னாடி பேர் எழுதி, கவுத்து வெச்சுக் கலைச்சிட்டு வீட்டுல இருக்கிறவங்ககிட்ட கொடுங்க. பகல் வெளிச்சத்துல, அசையாம நிக்கிற ஆளை எடுத்த படத்துல, எது மூணு லட்ச ரூபாய்னு அவங்க சொல்றாங்களா பாருங்க.

13.
நாலாவது ஓட்டை: காசு. லிங்க்ல போய் நீங்க வாங்கினா அவருக்கு கமிஷன். கேமராவே கம்பெனி இரவல் கொடுத்ததா இருக்கலாம். அதுக்காக அவர் பொய் சொல்றார்னு நான் சொல்லல. "உன்கிட்ட இருக்கிறதே போதும், இன்னிக்கு எதுவும் வாங்காத"ன்னு சொல்ற வீடியோவுல அவருக்கு ஒத்தப் பைசா வராது. அதனால அந்த வீடியோ அதிகம் வராது. அவ்வளவுதான்.

14.
இப்ப எதிர்த் தரப்பு. "கேமராவா முக்கியம்? கண்ணுதான் ப்ரோ முக்கியம்"னு ஒரு தத்துவம் கமெண்ட்ல வந்து நிக்கும். அதுவும் எனக்கு ஒத்து வராது. பேராசிட்டமால் போதும்ங்கிற இடத்துல ஸ்கேன் எழுதுறது தப்புன்னா, ஸ்கேன் தேவைப்படுற இடத்துல பேராசிட்டமால் கொடுத்து அனுப்புறதும் தப்புதான். கேள்வி, எது உசத்திங்கிறது இல்ல. யாருக்கு, எதுக்குங்கிறது. இதை நாங்க இண்டிகேஷன்னு சொல்லுவோம்.

15.
மிரர்லெஸ்ஸுக்கு உண்மையான இண்டிகேஷன் எதெல்லாம்?

ஓடுற குழந்தை, பறக்குற பறவை: கண்ணைக் கண்டுபிடிச்சு ஃபோகஸ் தொடர்ந்து ஒட்டிக்கிட்டே போகும். டி3200-ஓட 11 புள்ளியும் நடுவுலதான் கூடி நிக்கும், கண்ணுன்னா அதுக்கு என்னன்னே தெரியாது.

சத்தம் கூடாத இடம்: இசட்8-ல மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. தூங்குற பச்சக்குழந்தை பக்கத்துல, மேடைக் கச்சேரியில டி3200 கண்ணாடி "டபக் டபக்"னு அடிக்கும்.

வீடியோ: இதுல போட்டியே இல்ல. டி3200 வீடியோவுல ஃபோகஸ் தேடித் தடுமாறும்.

தாலி கட்டுற நேரம்: டி3200-ல ஒரே ஒரு கார்டுதான். இசட்8-ல ரெண்டு. ஒரு கார்டு செத்தாலும் இன்னொண்ணுல படம் இருக்கும். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. மத்தவங்க கல்யாணத்தைக் காசு வாங்கிக்கிட்டு எடுக்கிறவங்களுக்கு, என் கணக்குல மெகாபிக்சலைவிட இதுதான் பெரிய காரணம். ஆனா ரெண்டு கார்டு உள்ள கேமரா இதைவிட ரொம்பக் குறைஞ்ச விலையிலயும் இருக்கு.

16.
அடுத்து பக்க விளைவுகள். வீடியோவுல இதை வேகமா வாசிச்சிட்டுப் போயிருவாங்க.

உங்க பழைய டிஎக்ஸ் லென்ஸை அடாப்டர் போட்டு இசட்8-ல மாட்டினா, சென்சாரோட நடுப்பகுதி மட்டும்தான் வேலை செய்யும். படம் சுமார் 19 மெகாபிக்சல். நல்லா கவனிங்க: உங்க 24 மெகாபிக்சல் டி3200-ஐவிடக் கம்மி. அப்போ புது லென்ஸும் வாங்கணும்.

ஒரு ஸ்லாட்டுக்கு வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு, அது எஸ்டி கார்டு விலையில கிடைக்காது. பெரிய ஃபைலைத் திறக்க லேப்டாப் திணறும். கம்பெனி கொடுக்கிற அளவுப்படி ஒரு சார்ஜுக்கு டி3200 540 படம், இசட்8 சுமார் 330. உண்மையில ரெண்டுலயும் இதைவிட அதிகமா எடுக்கலாம், ஆனா எக்ஸ்ட்ரா பேட்டரி கட்டாயம். கழுத்துல தொங்குற எடை பாடியிலயே 400 கிராம் கூடுதல். கழுத்து வலின்னு அப்புறம் எங்கிட்டதான் வருவீங்க.

17.
என் கிளினிக்ல சர்க்கரை நோயாளிகளோட கால் புண்ணை, அவங்க சம்மதத்தோட, வாராவாரம் படம் எடுத்து வெப்பேன். புண் ஆறுதா, பரவுதான்னு ஒப்பிட்டுப் பார்க்கணும். அதுக்கு என்ன தேவை? அதே தூரம், அதே வெளிச்சம், அதே கோணம், பக்கத்துல ஒரு ஸ்கேல். இது நாலும் இருந்தா பழைய கேமரா போதும். இது இல்லாம எந்தக் கேமராவுல எடுத்தாலும் அந்தப் படம் குப்பை. காதுகுத்துக்கும் இதேதான்: முதல்ல வெளிச்சம், அப்புறம் இடம், அப்புறம்தான் கேமரா.

18.
டி3200, டி3100 மாதிரி கேமரா வெச்சிருக்கிறவங்களுக்கு என் ப்ரிஸ்கிரிப்ஷன்:

ஒண்ணு, 35 எம்எம் எஃப்/1.8 டிஎக்ஸ், செகண்ட் ஹேண்டுல தேடுங்க. வாங்கும்போது ஏஎஃப்-எஸ்னு எழுதியிருக்கான்னு பாருங்க. உங்க பாடியில ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால பழைய ஏஎஃப்-டி லென்ஸ்ல ஆட்டோஃபோகஸ் வராது. ஏஎஃப்-பி லென்ஸும் இந்த ரெண்டு பாடிக்கும் ஒத்துக்காது. கடைக்காரர் "எல்லாம் செட் ஆகும் சார்"னு சொன்னாலும் மாட்டிப் பார்க்காம காசு கொடுக்காதீங்க.

ரெண்டு, தலையைத் திருப்பக்கூடிய ஒரு ஃபிளாஷ். நேரா மூஞ்சில அடிக்காம வெள்ளைக் கூரையில அடிச்சு எடுங்க. மண்டப வெளிச்சத்துல கேமரா மாத்தின மாதிரியே தெரியும்.

மூணு, ரா-வுல எடுத்து, எடிட் பண்ணக் கத்துக்கோங்க.

இதுக்கப்புறமும் ஒரு படம் தப்பிப்போனா எழுதி வைங்க: எந்தப் படம், ஏன் தப்பிச்சுது? மூணு மாசம் எழுதுங்க. அந்த லிஸ்ட்ல "ஃபோகஸ் பிடிக்கல", "சத்தம் கேட்டுச்சு", "வீடியோ கேட்டாங்க"ன்னு திரும்பத் திரும்ப வந்தா, அப்ப மிரர்லெஸ் பாருங்க. அப்பவும் முதல்ல வாடகைக்கு.

19.
கடைசியா காசுக் கணக்கு. லென்ஸ், கார்டோட சேர்த்து 4 லட்சம் கடன், 15 சதவீத வட்டி, 3 வருஷம்னு ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம். மாசம் கிட்டத்தட்ட 13,870 ரூபாய். கட்டி முடிக்கும்போது 5 லட்சம். முகூர்த்தம் இல்லாத மார்கழியிலயும் கட்டணும், ஆடியிலயும் கட்டணும். அந்த மாசம் வீட்டுல யாருக்காவது நெஞ்சுவலின்னா என்ன பண்ணுவீங்க? அடகு வைக்க நகை ஏற்கெனவே கடையில இருக்கும்.

"பணம் கட்ட ரெண்டு நாள் டைம் கொடுங்க"ன்னு கேக்குற குடும்பங்களைத் தினம் பார்க்கிறவன் நான். டாக்டருக்கு கேமராவுல என்ன வேலைன்னு கேட்டீங்கல்ல, இதுதான்.

20.
காசு தாராளமா இருக்கு, ஆசையா இருக்கு, வாங்குறேன்னா சந்தோஷமா வாங்குங்க. ஆசைக்கு இண்டிகேஷன் தேவையில்ல. ஆனா கடன் வாங்கி, நகை வெச்சு வாங்குறதா இருந்தா மூணு கேள்வி: என் பழைய கேமரா எந்தப் படத்தைத் தவறவிட்டுச்சு? அதை லென்ஸோ ஃபிளாஷோ சரி பண்ணாதா? அந்த ஒரு படம் மாசம் 13,870 ரூபாய் சம்பாதிச்சுக் கொடுக்குமா?

மூணுக்கும் தெளிவா பதில் சொல்ல முடிஞ்சா வாங்குங்க, நானே வாழ்த்துறேன். முடியலன்னா அந்த டிஸ்கிரிப்ஷன் லிங்க்கைத் தொடாம மூடிட்டு, ஜன்னல் பக்கத்துல பாட்டியை உக்கார வெச்சு ஒரு படம் எடுத்து கமெண்ட்ல போடுங்க. எந்தக் கேமரான்னு மட்டும் எழுதாதீங்க. யார் கண்டுபிடிக்கிறாங்கன்னு பார்ப்போம்.