கோல நோட்டு வீண் வேலையா?

மும்பையில் தாராவி, சயான் பகுதிகளில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தமிழர்களுக்கு வாசல் என்று தனியாக ஒன்று கிடையாது. கதவைத் திறந்தால் சந்து. மாவால் கோலம் போட்டால் பத்து நிமிடத்தில் மிதிபட்டுவிடும். ஆகவே பெண்கள் பலர் நோட்டில் பேனாவால் சிக்குக் கோலம் போடுகிறார்கள். இது வீண் வேலை என்று சொல்லி, அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போடும் ஆண்களும் உண்டு.

இது வீண் வேலை அல்ல. 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வைத்து, எந்தப் புள்ளியையும் தொடாமல் வளைத்து இழுக்கும் கோடு, தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். மாக்கோடு தப்பினால் துடைக்கலாம். மைக்கோடு தப்பினால் அப்படியே நிற்கும். அதனால் கையைவிடக் கணக்கு முந்த வேண்டும்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தைக் கம்ப்யூட்டர் கணக்கோடு இணைத்து 1974-ல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள்.

ஊரில் பாட்டி வாசலில் போட்ட கோலம், இங்கே பேத்தியின் நோட்டில்தான் மிஞ்சியிருக்கிறது. ஷிப்டு முடிந்து வரும் அப்பாவும் ஒரு பக்கம் போட்டுப் பார்க்கட்டும். செலவு ஒரு ரீபில்தான். போட்டுப் பார்த்தவர் நோட்டை எடைக்குப் போட மாட்டார்.